மூட்டுவாதமும் பரம்பரையும்

மலையகத்தில் மூட்டு வலி என்றாலே குளிரையும் கொழுந்துக் கூடையையும் குறை சொல்வது வழக்கம். ஆனால் சொரியாசிஸ் என்னும் செதில் படரும் தோல் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் வரையானோருக்கு அதனோடு சேர்ந்த சொரியாசிஸ் மூட்டுவாதமும் வரக்கூடும் என்பதால், அந்தப் பதிலோடு நின்றுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மூட்டுவாதத்துக்கான பரம்பரைச் சாய்வில் மிக வலுவான பங்கு ஆறாவது நிறமூர்த்தத்திலுள்ள, நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் எச்.எல்.ஏ. பரம்பரையலகுகளுக்கு உண்டு. அவற்றுள் சி-06:02 என்னும் வகை இளவயதில் தொடங்கும் தோல் நோயோடு வலுவாகத் தொடர்புபட்டிருக்க, பி-27 என்னும் வகையோ மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கும் வடிவத்தோடு நெருங்கி நிற்கிறது. ஒரே லயத்து வீட்டில் அக்காவுக்கு முழங்கையில் செதில் மட்டும், தங்கைக்கு விரல் அடியிலிருந்து நுனிவரை வீக்கம் என்று பிரிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பி-27 உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்நோய் வருவதேயில்லை (ஆகையால் கல்யாணப் பேச்சில் சாதகத்தோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டாம்). உடற்பருமன், காயம் போன்றவையும் தூண்டுதலாகின்றன. 2006இல் வெளியான, இம்மூட்டுவாதத்தை வகைப்படுத்தப் பயன்படும் காஸ்பர் அளவுகோல், நகத்தில் ஊசி குத்தியதுபோல் விழும் குழிகளோடு குடும்ப வரலாற்றையும் கணக்கில் எடுக்கிறது. எனவே கிளினிக்குக்குப் போகிறவர்கள், தங்களுக்குத் தோலில் ஒன்றுமில்லாவிட்டாலும், பெரியம்மாவுக்கோ தாத்தாவுக்கோ இருந்த செதிலை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.