ஆறு காலிலும் சீப்பு

பழ ஈ வளர்க்கும் லேபில் புதிதாகச் சேர்பவனுக்கு முதல் வேலை, ஆண் பெண் பிரிப்பது. கார்பன் டை ஆக்சைடில் மயங்க வைத்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பரப்பி, தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். ஆண் ஈயின் முன்னங்கால் இரண்டில் மட்டும் குட்டிச் சீப்பு மாதிரி கறுப்பு முள்வரிசை இருக்கும். இருநூறாவது ஈயில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்கு ஒரு ஈக்கு நடுக்காலிலும் சீப்பு. பின்னங்காலிலும். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினேன். ஆறு! உடனே அம்மாவுக்கு மெசேஜ்: "புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், யார்கிட்டயும் சொல்லாதே." ஈயைத் தட்டில் ஏந்திக்கொண்டு சீனியர் அக்காவிடம் ஓடினேன்.

அக்கா தலையைத் தூக்கவே இல்லை. "குப்பியில லேபிள் படிச்சியா?"

படித்திருந்தேன். 'பிசி' என்று இருந்தது. கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, பொறுப்பாக அங்கேதான் வைத்திருந்தேன்.

"பிசின்னா பாலிகோம்ப்ங்கிற மரபணு. பல சீப்புன்னு அர்த்தம். 1947லயே பமேலா லூயிஸ் பார்த்தாச்சு. கொஞ்சம் லேட்டா வந்திருக்கே."

என் முகம் போன போக்கைப் பார்த்து அக்காவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து ஒரு முட்டை வரைந்தார்.

முட்டையிட்டு மூன்று மணி நேரத்துக்குள் மேற்பரப்பில் சுமார் 6,000 உட்கருக்கள் வந்து நிற்கும். அதற்குள்ளாகவே உடம்பு எங்கெங்கே கண்டம் கண்டமாகப் பிரிய வேண்டும் என்று கோடு போட்டாக வேண்டும். ஈவன்-ஸ்கிப்ட் என்ற மரபணு ஏழு பட்டைகளாக வேலை செய்யும். இரண்டாவது பட்டையை எடுத்துக்கொண்டால், பைகாயிட், ஹன்ச்பேக் என்ற புரதங்கள் அதை "பேசு, பேசு" என்று உசுப்பிவிடும். அந்த இரண்டும் கருவின் முன்பாதி முழுக்கப் பரவிக் கிடப்பவை. அவற்றின் பேச்சை மட்டும் கேட்டால் பட்டை வராது, அப்பிய மைதான் வரும். முன்பக்கமிருந்து ஜயண்ட், பின்பக்கமிருந்து க்ரூப்பல் என்று இரண்டு புரதங்கள் வந்து வாயை அடைக்கும். அடைபடாமல் மிஞ்சுகிற சந்துதான் பட்டை. மரபணு என்றாலே ஏதாவது செய்யச் சொல்லும் சமாச்சாரம் என்று நம்பியிருந்தவன் நான். இங்கே பார்த்தால் கோடு போடுவதே "சும்மா இரு" என்பவர்கள்!

"அப்ப பாலிகோம்ப்?"

"ஜயண்ட், க்ரூப்பல் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு வர்ற வாத்தியார். அதட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் வகுப்பைப் பார்த்துக்கிற லீடர்தான் பாலிகோம்ப். யார் பேசணும்னு அது முடிவு பண்ணாது. யாரை அடக்கி வெச்சாங்களோ அவங்களை அப்படியே வெச்சிருக்கும், ஆயுசு முழுக்க."

கூட்டாளிப் புரதம் ஒன்று, டிஎன்ஏ நூல் சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் மெத்தில் என்ற குட்டி வேதிச் சீட்டை ஒட்டுமாம். பாலிகோம்ப் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருமாம். என் ஈக்கு பாலிகோம்ப் மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்று பழுது. லீடர் அரைத் தூக்கத்தில் இருந்ததால், முன்னங்காலுக்கான மரபணு மற்ற கால்களிலும் வாய் திறந்துவிட்டது. இரண்டு பிரதியும் போனால் கருவிலேயே முடிந்துவிடும். கண்டங்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் முன்னால் இருப்பவையும் வயிற்றின் கடைசிப் பக்கம் இருக்கும் எட்டாம் கண்டம் போல ஆகப் பார்க்கும்.

"அதாவது எல்லாரும் கடைசி பெஞ்ச்," என்றேன்.

"உன் சீப்பு ஈ எங்கே?" என்றார் அக்கா.

தட்டு காலி. பாடம் நடந்த நேரத்தில் மயக்கம் தெளிந்து, ஆறு காலையும் உதறிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. இருவரும் அண்ணாந்து பார்த்தோம். டியூப் லைட்டைச் சுற்றி நாலைந்து ஈக்கள். எதற்கு எத்தனை சீப்பு என்று அங்கிருந்து யார் கண்டது?

போன் அடித்தது. அம்மா.

"என்னடா கண்டுபிடிச்சே?"

"ஒண்ணுமில்லம்மா. ஈயோட கால்ல சீப்பு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்த ஈகிட்ட கேட்டு நீயும் ஒருவாட்டி தலையைச் சீவிக்கோ."