சவரக்கத்தி தீட்டும் வாருக்குத் தோல் தேர்ந்தெடுத்தல்

சவரக்கத்தி வைத்திருப்பவர் சாணைக்கல்லைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். தீட்டும் தோல்வாரையோ ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே கத்தியின் வாய் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் கல்லைவிடத் தோலுக்கே பங்கு அதிகம். வீட்டிலேயே வார் செய்ய முனைவோர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த விலங்கின் தோல் நல்லது என்பதைத்தான். சில ஆண்டுகளாக எனக்கும் நண்பர்களுக்குமாக வார்கள் செய்து வருபவன் என்ற முறையில், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்: அந்தத் துண்டு தோலின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டது?

இதை நான் முதல் வாரிலேயே கற்றுக்கொண்டேன். அதற்கு வாங்கிய தோல் மாட்டுத்தோல், தாவர முறையில் பதனிட்டது, 3 மி.மீ. தடிமன், மேற்பரப்பில் ஒரு வடுவும் இல்லை. விற்றவர் சொன்னவை யாவும் உண்மையே. ஆனால் அது வயிற்றுப் பகுதித் தோல் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வாரங்களுக்குள் வாரின் நடுப்பகுதி நீண்டு, ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து, ஆழமில்லாத ஓடை போல ஆகிவிட்டது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நடுவில் தொய்வு போகவில்லை. தொய்ந்த தோலின் மீது கத்தி நகரும்போது, அழுத்தத்தில் அமுங்கிய தோல் வாயைக் கடந்தவுடன் மேலெழுந்து கூர்நுனியைச் சுற்றி வளைகிறது. அதனால் ஒவ்வொரு இழுப்பும் கூரைச் சீராக்குவதற்குப் பதிலாக நுட்பமாக உருண்டையாக்கிவிடுகிறது. சாணைக்கல்லில் மாலை முழுவதும் செலவிட்டுப் பெற்ற கூர் அந்த வாரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஒரு மாட்டின் முழுத்தோலை விரித்துப் பார்த்தால், முதுகெலும்பின் இரு பக்கமும் இடுப்பை நோக்கி நீளும் பகுதியில் நார்கள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் பின்னியிருப்பதைக் காணலாம். தோல் தொழிலில் இந்த முதுகு, பிட்டப் பகுதியையே மிக உயர்ந்ததாக மதிக்கிறார்கள். தோள்பட்டைத் தோலும் பரவாயில்லை. ஆனால் கழுத்தை நெருங்க நெருங்க அதில் மடிப்புக் கோடுகள் தோன்றும், அந்தக் கோடுகள் கத்தியின் கீழ் சிறு வரப்புகளாக உணரப்படும். வயிறும் கால் மடிப்புகளும் உயிருடன் இருந்தபோது விரிந்து சுருங்கிப் பழகியவை. அங்கே நார்கள் தளர்வாகவே இருக்கும், எந்தப் பதனமும் அதை மாற்றிவிடாது. எனவே நான் துண்டு வாங்கும்போது முதுகுப் பகுதியைக் கேட்டு வாங்குகிறேன். வெட்டும்போது வாரின் நீளம் முதுகெலும்புக்கு இணையாக அமையும்படி வெட்டுகிறேன், ஏனெனில் அந்தத் திசையில்தான் தோல் குறைவாக நீளும். குறுக்காக வெட்டிய வார் முதல் நாளில் வேறுபாடு காட்டாமல் இருக்கலாம். நாள்தோறும் கையால் இழுத்துப் பிடிக்கப்படும்போது நீளத் தொடங்கும்.

அடுத்ததாகப் பதனம். பட்டைகளிலும் மரங்களிலும் உள்ள துவர்ப்பொருளில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடும் தோல், திண்மையும் வடிவம் மாறாத தன்மையும் பெறுகிறது. தேய்க்கத் தேய்க்க மெருகேறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய, குரோமிய உப்புகளைக் கொண்டு செய்யும் குரோம் பதனமோ குறைந்த நேரத்தில் முடிந்து, மென்மையான, நெகிழும், நீரைத் தாங்கும் தோலைத் தருகிறது. காலணியின் மேற்பகுதிக்கும் பைகளுக்கும் அது சிறந்தது; தீட்டும் வாருக்கு அந்த நெகிழ்வே குறையாகிறது. இரண்டையும் பிரித்தறிய வெட்டு ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் தெரியும். தாவரப் பதனத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். இரு முறைகளையும் கலந்து பதனிட்டு, எண்ணெயும் மெழுகும் ஏற்றிய லாட்டிகோ என்ற வகையும் உண்டு. அது கத்தியை வலுவாகப் பற்றி இழுக்கும். அந்த உணர்வை விரும்புவோர் பலர், நான் அவர்களில் ஒருவன் அல்லன்.

பதனம் சரியாக இருந்தும் மேற்பூச்சு கெடுத்துவிடக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். வடுக்களை மறைப்பதற்காக மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, அதன் மேல் நிறமும் நெகிழிப் பூச்சும் ஏற்றி, இயற்கையான மயிர்த்துளைகளைப் போன்ற வடிவத்தை அழுத்திப் பதிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அத்தகைய தோலில் கத்தி தொடுவது தோலை அன்று, நெகிழியை. ஒரு துளி நீரை விட்டுப் பார்த்தால் பூச்சில்லாத தாவரப் பதனத் தோல் அதை மெதுவாக உறிஞ்சி அவ்விடம் கருக்கும். பூச்சுள்ள தோலில் நீர் முத்தாக நிற்கும். மெழுகேற்றிய தோலிலும் நீர் நிற்கும் என்பதால், இந்தச் சோதனையுடன் வெட்டு ஓரத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பழைய இடுப்புவாரை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதே. அவற்றில் பல, இரு மெல்லிய தோல்களுக்கு நடுவே அட்டை போன்ற நிரப்பியை வைத்து ஒட்டியவை, அல்லது தோல் தூளைப் பசையால் கட்டி அழுத்தியவை.

இப்போது விலங்குக்கு வரலாம். மாட்டுத்தோல் எளிதில் கிடைக்கும், போதிய அகலமும் தடிமனும் கொண்டது. முதல் வார் செய்பவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. எருமைத்தோலின் மேற்பரப்பு சற்றுக் கரடானது, எனவே இழுவையும் கூடுதலாக இருக்கும். கங்காருத்தோல் மெல்லியதாயினும் மிக வலிமையானது. பலகையில் ஒட்டிய வாருக்கு அது பொருந்தும். குதிரையின் பிட்டத்தில், தோலின் உள்ளே நார்கள் அடர்ந்த ஒரு படலம் இருக்கிறது. அதைத் தனியே வெளிக்கொணர்ந்து பல மாதங்கள் பதனிட்டால் கிடைப்பதுதான் ஷெல் கார்டோவன். ஒரு குதிரையிலிருந்து இரு துண்டுகள் மட்டுமே கிடைப்பதால் அதன் விலை எப்போதும் உயர்வு. அதில் கத்தி கண்ணாடியின் மேல் போவதைப் போல வழுக்கிச் செல்லும். அதன் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறப்புக்குக் காரணம் குதிரை என்பதைவிட, நார்கள் ஒரே சீராக அடர்ந்திருக்கும் அந்த இடம் என்பதே என் கருத்து. நல்ல முதுகுப் பகுதி மாட்டுத்தோல், தளர்ந்த குதிரைத்தோலை எளிதில் வென்றுவிடும்.

தொங்கவிடும் வாருக்கு 2.5 முதல் 3.5 மி.மீ. வரையிலான தடிமன் போதுமானது. தோல் கடைகளில் தடிமனை அவுன்ஸ் கணக்கிலும் குறிப்பிடுவார்கள். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மி.மீ. ஆகவே 7 அல்லது 8 அவுன்ஸ் எனக் குறிக்கப்பட்ட தோல் நமக்குப் பொருந்தும். காலணியின் அடித்தோலுக்காக உருளையில் அழுத்தி இறுக்கிய தோல் தடிமனில் ஒத்திருந்தாலும், பலகையைப் போல விறைத்து, கத்தியின் வாய்க்குச் சிறிதும் இடங்கொடாது. அகலம் 3 அங்குலம் இருந்தால் கத்தியின் முழு நீளமும் ஒரே இழுப்பில் தோலைத் தொடும். அதைவிடக் குறுகிய வாரில் கத்தியைக் குறுக்காகவும் நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். தொடங்குபவர்களின் கைக்கு அது கூடுதல் சுமை என்பதால் நான் 3 அங்குலத்தையே பரிந்துரைக்கிறேன்.

மயிர்ப்பக்கத்தைப் பயன்படுத்துவதா, சதைப்பக்கத்தைப் பயன்படுத்துவதா என்ற கேள்விக்கு விடை இழுவையைப் பொறுத்தது. மயிர்ப்பக்கம் வழவழப்பானது, கடைசித் தீட்டலுக்கு உரியது. சதைப்பக்கத்தில் நார்கள் எழுந்து நிற்பதால் பற்று அதிகம். மெருகுப் பசை தடவுவதானால் அந்தப் பக்கத்துக்கே தடவலாம். குரோமியம் ஆக்சைடு போன்ற பசையை ஒருமுறை தடவிய தோலிலிருந்து அதை முழுமையாக நீக்குவது மிகக் கடினம். எனவே பசைக்கென்று தனித் துண்டு ஒன்றை ஒதுக்கிவிட்டு, அன்றாட வாரைத் தூய்மையாக வைத்திருப்பதே என் வழக்கம்.

தோலை நேரில் பார்த்து வாங்க முடிந்தால், கண்ணைவிடக் கையை நம்புங்கள். மயிர்ப்பக்கம் உட்புறமாக வரும்படி மெல்ல மடியுங்கள். நெருக்கமான தோலில் நுண்ணிய, சீரான சுருக்கங்கள் மட்டுமே விழும். தளர்ந்த தோலில் மேற்படலம் தனியே பிரிவதைப் போலப் பெரிய சுருக்கங்கள் எழும். பிறகு இரு விரல்களுக்கு நடுவே பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே செல்லுங்கள். எந்த இடத்திலும் விரல் கூடுதலாக அமுங்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆறிய வடு, பூச்சிக்கடி, நரம்புத் தடம் ஆகியவை ஓரத்தில் இருந்தால் வெட்டி விலக்கிவிடலாம், நடுவில் இருந்தால் அந்தத் துண்டையே விட்டுவிட வேண்டும். நிறத்தில் உள்ள வேறுபாடுகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அழகான நிறத்துக்காக அடர்த்தியில் விட்டுக்கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காக வருந்தியும் இருக்கிறேன்.

வெட்டிய பின் செய்ய வேண்டியவை அதிகமில்லை. மேற்பரப்பு கரடாகத் தோன்றினால் 400 எண் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, தூளை முற்றிலும் துடைத்துவிட்டு, வழவழப்பான கண்ணாடிப் புட்டியை அழுத்தி உருட்டினால் நார்கள் படியும். உப்புத்தாளின் ஒரு துகள் தங்கினாலும் கத்தியின் வாய் பற்களாக உடையும் என்பதால், துடைப்பதில் அவசரம் கூடாது. மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் சில துளிகள் போதும். மிகுதியாக ஊட்டினால் நாம் தேடிப் பிடித்த திண்மை போய்விடும். அதன் பிறகு உள்ளங்கையால் நாள்தோறும் தேய்ப்பதே சிறந்த பராமரிப்பு, கையின் சூடும் எண்ணெய்ப் பசையும் தோலுக்குப் போதுமானவை.

வார் செய்து மிஞ்சிய துண்டை நான் எறிவதில்லை. வெட்டிய நாளையும் தோலின் பகுதியையும் அதன் பின்புறத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்த தோல் வாங்கச் செல்லும்போது அந்தத் துண்டைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்று, புதிய தோலை ஒரு கையிலும் இதை மறு கையிலும் பிடித்து மடித்துப் பார்க்கிறேன்.