கூழும் குளியலும் கொஞ்சம் மோனையும்

ஆறாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் போன வாரம் தமிழ்ப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ‘முதலெழுத்து ஒன்றி வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். சரி, ஒரு உதாரணம் சொல்லு என்றால் புத்தகத்தில் இருக்கும் அதே வரிதான் வருகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. காதில் விழ வேண்டியதைக் கண்ணால் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

புத்தகத்தை மூடிவிட்டு, ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்றேன். அப்புறம் அதையே ‘ஆடிப் பட்டம் பார்த்து விதை’ என்று மாற்றிச் சொன்னேன். பொருள் பெரிதாக மாறவில்லை, ஆனால் அவள் உடனே முகத்தைச் சுளித்து, ‘நல்லா இல்ல சித்தி’ என்றாள். ஏன் நல்லா இல்லை என்று கேட்டதும் வாய்க்குள்ளேயே ஆடி, தேடி, ஆடி, தேடி என்று முனகிப் பார்த்து, ‘டி போயிடுச்சு’ என்றாள். அவ்வளவுதான் எதுகை!

அடுத்து ‘கூழானாலும் குளித்துக் குடி’. இங்கே அவள் கேட்ட கேள்வி அருமையானது: ‘கூ வேற, கு வேற இல்லையா?’ மோனையில் குறிலும் நெடிலும் கலக்கலாம், கு, கூ, கொ, கோ எல்லாம் ஒரே கூட்டம், அதேபோல அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். எதுகையில்தான் கண்டிப்பு அதிகம். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, அதற்கு முன்னால் நிற்கும் எழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். அதனால் பாட்டு–கட்டு எதுகை ஆகாது, பட்டு–கட்டு ஆகும். இதை நான் விளக்கியதைவிட, தட்டில் விரலால் நெடிலுக்கு நீளமாகவும் குறிலுக்குச் சட்டென்றும் தட்டிக் காட்டியபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

குறளுக்கு அதற்குப் பிறகுதான் போனோம். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின்’ என்று முதல் அடியின் நான்கு சீரும் க-வில் தொடங்குவதையும், அடுத்த அடி ‘நிற்க’ என்று வந்து ‘கற்க’வோடு எதுகையில் கைகோப்பதையும் அவளே கண்டுபிடித்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

ச–த, ம–வ, ஞ–ந கூட மோனையாகும் என்பதை இன்னும் சொல்லவில்லை, அவசரம் இல்லை.

நேற்று அவள் தன்னைவிடப் பெரிய குடத்தைத் தூக்கி வருவதைப் பார்த்த பாட்டி, ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்றார். குடத்தை இறக்கி வைக்காமலேயே பதில் வந்தது: ‘க, கா. மோனை பாட்டி!’