பைக்கு ரெண்டு கிலோ கழிவு

"டீச்சர், அரைப்பேராவது போடுங்க."

நான் வரவு இடாப்பை மூடப்போன நேரம், மழையில் நனைந்து ஓடி வந்தவன் வாசலில் நின்று கேட்டான். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்து நிறை குறைந்தால் பாதி நாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தரம் 11 முழுக்கச் சிரித்தது. வரலாறு டீச்சர் பிரசவ லீவில் போனதால் அவர் வரும்வரை அந்த வகுப்பு என் பொறுப்பு, நான் போய் இரண்டு கிழமைகூட ஆகவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தை நிறுத்துப் பேர் போடுகிற தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் குரலில், "எத்தனை கிலோ?" என்றேன். அவன் புத்தகப் பையைத் தராசில் வைப்பதுபோல மேசையில் வைத்து, "பதினெட்டு" என்றான். "பைக்கு ரெண்டு கிலோ கழிவு, ஈரத்துக்கு ஒண்ணு. அரைப்பேர்தான், போ" என்றேன்.

மேசை தட்டிச் சிரித்தார்கள். அப்போது ஜன்னலோரம் இருந்த பிள்ளை, அவளும் சிரித்துக்கொண்டேதான், சொன்னாள்: "நேத்து எங்கம்மாவுக்கும் மூணு கிலோ கழிச்சாங்க டீச்சர்."

அதற்கும் வகுப்பு சிரித்தது. நான், "சரி சரி, புத்தகத்தை எடுங்க" என்று பாடத்துக்குப் போய்விட்டேன். அன்றைய பாடம், கோப்பி நோய் வந்து அழிந்ததும் தேயிலை வந்ததும். 1867, லூல்கந்துர தோட்டம், வியாபாரத்துக்கு முதன்முதலில் அங்கே தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், 19 ஏக்கர். கரும்பலகையில் எல்லாம் எழுதினேன்.

அந்தக் கணக்குப்பிள்ளைக் குரலை நான் எங்கேயும் படித்துப் பழகவில்லை. சின்ன வயதில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் காத்து நின்றபோது காதில் விழுந்த குரல்தான் அது, அன்றைக்கு அதைக் கேட்டால் வயிறு கலங்கும். அதே குரலை வகுப்பில் போட்டுக் காட்டி இத்தனை பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றால் அது நல்லதுதானே, பயந்ததைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டார்கள்தானே என்று எனக்கு நானே பலதடவை சொல்லிப் பார்த்தேன். இப்போதும் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலையில் தராசுக்கு அந்தப் பக்கம் நின்றது நான். பேர் போடுகிற புத்தகமும் என் கையில்தான் இருந்தது.

அவள் பகிடிக்குச் சொன்னாளா, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சொன்னாளா? அந்த மூன்று கிலோவால் அம்மாவுக்கு விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா? அப்போதைய நாள் சம்பளம் 1350 ரூபாயா, அதில் பாதியா? கேட்க ஒரு நிமிஷம் போதும். எல்லார் முன்னாலும் கேட்டிருந்தால் அவள் முகம் சுருங்கியிருக்கும், அதனால் கேட்காதது சரி என்றும் தோன்றுகிறது. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் இன்னொன்று, 19 ஏக்கரைப் பாடமாக்கச் சொன்ன நாளில் அவள் சொன்ன மூன்று கிலோவும் அதே பாடம்தான் என்பது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகும் அந்த வகுப்பில் நிறையச் சிரித்தோம். பிந்தி வருகிறவர்கள் எல்லாரும் அரைப்பேர் கேட்டார்கள், நான் போடவும் செய்தேன், ஆனால் கிலோ மட்டும் கேட்கவில்லை.

என் தவணை முடியப் போகும்போது ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு அம்மா கிட்ட வந்து, "நீங்கதானே கணக்குப்பிள்ளை டீச்சர்? வீட்டுல ஒரே உங்க கதைதான்" என்று வாய்விட்டுச் சிரித்தார். ஜன்னலோரப் பிள்ளையின் அம்மா. "மக நல்லா படிக்குதுங்களா?" என்று கேட்டார். நல்லாப் படிக்கிறாள் என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.