அந்த ‘கீ...’ சத்தம்

“அண்ணா, இந்த ரெக்கார்டுல பாட்டே இல்ல!”

தம்பி டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஊசியை வைத்திருந்தான். ஸ்பீக்கரில் கீ... என்று ஒரே சத்தம்.

“தட்டை மெதுவா பின்னால இழுடா.”

இழுத்தான். சத்தம் தணிந்து, நின்று, மறுபடி ஏறியது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அது பாட்டுத் தட்டு இல்லை; லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கையால் ஆட்டிவைக்க டிஜேக்கள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுத் தட்டு. டிஜே மென்பொருள் நிறுவனமான ஸெராட்டோவின் தட்டில் அந்தச் சத்தம் 1,000 ஹெர்ட்ஸ். சுருதி ஏறி இறங்குவதை வைத்து மென்பொருள் வேகத்தைக் கணிக்கிறது. இடது, வலது சேனல்களில் எது முந்துகிறது என்று பார்த்துத் திசையை அறிகிறது. பாட்டு லேப்டாப்பில். கை தட்டில்.

எந்த மென்பொருள் என்று மூன்று வாரமாக அலைந்தேன். ஸெராட்டோ டிஜே ப்ரோவுக்கு அது ஏற்கும் மிக்ஸரோ இன்டர்ஃபேஸோ வேண்டும். என் கையில் இருந்தது இரண்டு ஸ்டீரியோ இன்புட் உள்ள சாதாரண சவுண்ட் கார்டு. மிக்ஸ்க்ஸ் (Mixxx) என்ற இன்னொரு டிஜே மென்பொருளுக்கு அது போதும். இலவசம், திறந்த மூலம், ஸெராட்டோ தட்டையே படிக்கிறது.

எஃபெக்ட் எத்தனை, திரை எப்படி என்றெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது வீண். பஃபரைப் பார்த்திருக்க வேண்டும்; லேப்டாப் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் (சத்தத் துணுக்கு) சேர்த்துக் கையாள்கிறது என்ற அளவு அது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், 1024 வைத்தால் அதற்கே 21 மில்லிநொடி தாமதம். கை ஓரிடம், சத்தம் ஓரிடம். 256க்கு இறக்கினேன், 5 மில்லிநொடி சொச்சம். அதற்கப்புறம்தான் தட்டு என் விரலுக்குக் கீழே உயிரோடு இருப்பதாகத் தோன்றியது.

இப்போது மணி பதினொன்று. ஒரே ஒரு கிக் டிரம் அடியை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறான் தம்பி. படுக்கச் சொல்ல மனம் வரவில்லை.