ராகத்துக்கு நடுவே தவில்

கும்பகோணத்தில் மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறும்போது நண்பகல். பங்குனி வெயில். திருவிடைமருதூர் தாண்டும்வரை காதில் மெடெஸ்கி, மார்ட்டின் அண்ட் வுட் ஓடிக்கொண்டிருந்தது. 1991இல் நியூயார்க்கில் சேர்ந்த மூவர். ஜான் மெடெஸ்கி கீபோர்டு, பில்லி மார்ட்டின் டிரம்ஸ், கிறிஸ் வுட் பேஸ். பாடகர் கிடையாது. ஜாஸ், ஃபங்க், ராக் மூன்றையும் குழைத்து, மேடையிலேயே மனோதர்மமாக வளர்த்துக்கொண்டு போவார்கள்.

ஃபங்க் தாளம் பிடித்துவிட்டால் கால் தானாக ஆடும். ஆனால் தாளமே கட்டாமல் மூவரும் துழாவுகிற இடங்களும் உண்டு. ஆர்கன் நீளமாக இழுக்கும், டிரம்ஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிரும். பல வருடங்களாக அந்த இடங்களைத் தள்ளிவிட்டுத்தான் கேட்டுவந்தேன்.

ஆடுதுறைக்கு அடுத்து நரசிங்கம்பேட்டையில் இறங்கினேன். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாதஸ்வரம் இந்த ஊருடையது. பட்டறைத் திண்ணையில் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத் துண்டுகள் கிடந்தன. புது மரம் ஆகாது, ஈரம் முழுக்க வற்றியிருக்க வேண்டும் என்றார் ஆசாரி. முன்பு குட்டையான திமிரி நாயனம், அதாவது திமிரி நாதஸ்வரம்தான் வழக்கத்தில் இருந்தது. அதில் சுத்த மத்திமம் என்ற ‘ம’ சுரம் சரியாகப் பேசாது. பக்கத்தில் திருவாவடுதுறையில் இருந்த நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக, அந்தக் காலத்தில் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செதுக்கி அந்தக் குறையைத் தீர்த்தார். அந்த ஒரு சுரத்துக்காக மரத்தையே மாற்றியிருக்கிறார்கள்! மெடெஸ்கியும் பியானோவில் தொடங்கியவர்தான். ஊர் ஊராகப் போகும் வண்டியில் பியானோவை ஏற்ற முடியாது என்பதால் ஆர்கனுக்கு வந்தார், குழுவின் நாதமே மாறிப்போனது.

இரவு நண்பனின் கிராமத்தில் சுவாமி புறப்பாடு. கம்பீர நாட்டை ராகத்தில் புறப்பாட்டு இசையான மல்லாரி முழங்கச் சுவாமி கோபுர வாசலைக் கடந்தார். தெற்கு வீதி முனையில் வாகனத்தை நிறுத்தினார்கள். நாயனக்காரர் சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டு காம்போதி ராகத்தை எடுத்தார்.

பாட்டுக் கச்சேரியில் ராக ஆலாபனையின்போது மிருதங்கம் கைகட்டி உட்கார்ந்திருக்கும். இங்கே தவில் சும்மா இருக்கவில்லை. நான் தவில்காரரின் வலக்கைக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். பசையும் துணியும் சுற்றி இறுகிய கூடுகள் ஒவ்வொரு விரலிலும் வெள்ளையாகத் தெரிந்தன. நாயனம் ஒரு சங்கதியை முடித்து மூச்சு வாங்கிய நொடியில், அந்த விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் ஒரு உருட்டு உருட்டி நின்றன. அடுத்த மூச்சுக்கு இடக்கைக் குச்சி இடப்பக்கமான தொப்பியில் ஒற்றை அடி. அதற்கடுத்து ஒன்றுமே இல்லை. தாளச் சுற்றான ஆவர்த்தனம் கிடையாது, கணக்கு கிடையாது. அவர் பார்வை நாயனக்காரரின் கன்னத்தை விட்டு நகரவேயில்லை.

விடையாற்றிப் பந்தலில் காபி குடிக்கும்போது கேட்டேன், தாளம் இல்லாத இடத்தில் எப்படி வாசிக்கிறீர்கள் என்று.

“அண்ணன் எங்கே மூச்சு வாங்குவார் என்று எனக்குத் தெரியும் தம்பி. இருபது வருஷப் பழக்கம். அங்கேதான் நான் நுழைவேன்” என்றார். சொல்லிவிட்டு ஒரு கூட்டைக் கழற்றி விரலை நீவிக்கொண்டார். விரல் சிவந்திருந்தது.

பக்கத்தில் பெட்டிமேல் மின்சார சுருதிப் பெட்டி இருந்தது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் சுருதிக்கான ஒத்துக் குழலை ஊதுகிறவர் நின்றிருப்பார், விடிய விடிய ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு. நாயனம், தவில், ஒத்து. அவருடைய பெயரை யாரும் நோட்டீஸில் போட்டதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விடிகாலை முதல் பஸ்ஸில் கும்பகோணம் திரும்பினேன். இருபுறமும் உளுந்து வயல்கள் பனியில் கிடந்தன. காதில் மறுபடியும் அதே மூவர். வழக்கமாகத் தள்ளிவிடும் அந்தத் தாளமில்லாத இடம் வந்தது, தள்ளவில்லை. மெடெஸ்கி ஒரு வரியை முடித்துக் கை எடுக்கிற இடத்தில்தான் மார்ட்டினின் சிம்பல் விழுகிறது. இருவருக்கும் அடியில், வில்லால் இழுத்த பேஸில் ஒற்றைச் சுரம் ஒன்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இத்தனை வருடமும் அது என் காதில் விழுந்ததேயில்லை. திருநாகேஸ்வரம் வருவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டேன்.