சுவரின் முதுகு

கோயம்புத்தூரில் காலையில் அடித்த எனாமல் பெயின்ட் மாலைக்குள் கையில் ஒட்டாது. குன்னூரில் மூடுபனி இறங்கிவிட்டால் மறுநாள் மாலையிலும் ஒட்டும். இந்த ஊரில் ஓவியனாகப் பிழைக்க முதலில் வேண்டியது பொறுமை, கைத்திறன் பிறகுதான்.

இருபது வருடங்களாகக் கடைப் பலகை எழுதுகிறேன், சுவரில் படம் வரைகிறேன். இடையிடையே திருமண மேடைக்குப் பின்திரை. பள்ளி ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோலில் மலைகூடச் செய்து கொடுத்திருக்கிறேன். மலைமேலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு எதற்குத் தெர்மாகோல் மலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஃபிளெக்ஸ் வந்தபோது பலகை வேலை பாதியாகி, பிறகு கால்வாசியானது. ‘அழகுபடுத்தும் பணி’ என்ற சொல்தான் என் அடுப்பை எரியவிட்டது. தாங்குசுவர், பள்ளிச் சுவர், கழிப்பிடச் சுவர், எல்லாவற்றிலும் படம் வேண்டும் என்றார்கள். எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: தோடர் பெரியவர் ஒருவர், ஓர் எருமை, முதுகில் கூடையோடு தேயிலை பறிக்கும் பெண், மலை ரயில்.

அந்த ரயிலில் எனக்கும் பணம் கொடுப்பவர்களுக்கும் ஓயாத தகராறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டியில் நீராவி எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். இழுக்காது. 1899இல் திறந்த பல்சக்கரப் பாதை அது. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தால், ‘ரயில் பின்னால் போவது போல இருக்கிறதே’ என்பார்கள். பாதிச் சுவர்களில் நான்தான் தோற்றேன். எஞ்சினைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டுக் கூலி வாங்கினேன்.

என் முதல் பெரிய சுவரை நினைத்தால் இப்போதும் காது சூடாகும். சாலையோரச் சரிவைப் பிடித்து நிறுத்தும் கருங்கல் சுவர் அது. இந்த மாதிரிச் சுவர்களில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் பின்னாலிருக்கும் மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்தது வெளியேற வழி இல்லையென்றால் சுவரையே தள்ளும். அது எனக்கு அப்போது தெரியாது. ‘படம் சுத்தமாக வர வேண்டும், ஓட்டைகளை அடைத்துவிடு’ என்றார்கள். சிமென்ட் வைத்து அடைத்தேன். மேலே பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பாராட்டும் கிடைத்தது.

குன்னூருக்குப் பெருமழை ஐப்பசியில்தான் வரும். அந்த ஐப்பசியில் பத்து நாள் விடாமல் பெய்தது. போய்ப் பார்த்தபோது தேயிலை பறிக்கும் பெண்ணின் கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். விரலால் மெல்ல அழுத்தினேன். பெயின்ட் தோல் கிழிந்து, செம்மண் கலந்த தண்ணீர் என் முழங்கைவரை ஓடியது. எருமையின் வயிற்றிலும் ரயிலின் மூன்றாவது பெட்டியிலும் அதே கதை. கடப்பாரையோடு வந்த வயதான மேஸ்திரி ஒருவர், நான் அடைத்த துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். ஒவ்வொரு குத்துக்கும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ‘முகத்தை நீ பார்த்துக்கொண்டாய் தம்பி, முதுகை யார் பார்ப்பது?’ என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த சுவரில் தூரிகையைத் தொடுமுன் துளைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. குன்னூர் வழியாக ஊட்டிவரை போகும் ரயில் பாதையில் சுரங்கங்கள் 16. பதினாறு துளைகளைச் சுரங்கங்களாக்கி, அவற்றைச் சுற்றிப் பாதையை வளைத்தேன். மிச்சம் ஆறும் மரங்கொத்தியின் பொந்துகளாயின. மழை பெய்தால் சுரங்கத்திலிருந்து அருவி கொட்டும். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. அந்தச் சுவரில் எஞ்சினைப் பின்னாலேயே விட்டுவிட்டேன். துளைகளைப் பார்த்த மலைப்பில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஊரைப் புதுப்பிப்பது என்று பேச்சு எழுந்தால் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். அது தப்பு என்று கூலி வாங்கிக்கொண்டே சொல்வேன். கால்வாயைத் தூர்வாருபவர் வர வேண்டும், ஓதம் ஏறும் சுவரைப் பார்க்க மேஸ்திரி வர வேண்டும், கூரைத் தகரத்தை மாற்றுபவர் வர வேண்டும். அவர்கள் எல்லோரும் போன பிறகு நான் வந்தால் போதும். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் அடித்தால் விட்டுவிடும். அதன்மேல் பளபளப்பான பெயின்டை அடிப்பது மூச்சுவிடும் வாயைப் பொத்துவது போல. அதற்குச் சுண்ணாம்பே போதும் என்று சொல்லி நானே இரண்டு மூன்று வேலைகளை இழந்திருக்கிறேன். வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று வரைவேன். ஊட்டி இந்து நகரில் மூடிக்கிடக்கும் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையைச் சாலையில் நின்று பலமுறை வரைந்திருக்கிறேன். 1967இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. எக்ஸ்ரே பிலிமும் அங்கே தயாரானது. எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் படங்கள் அவர்களுடைய ‘இந்து’ பிலிமில் எடுத்தவை. அந்தச் சுவர்களில் பெரிது பெரிதாகப் படம் வரைந்தால் சுற்றுலாப் பயணிகள் குவிவார்கள் என்றான் நண்பன். எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆலையை நம்பி எழுந்த குடியிருப்புக்கு என் எருமை என்ன பதில் சொல்லும்?

போன மாதம் கீழ்க்குன்னூரில் தேயிலைத்தூள் விற்கும் பாய் ஒருவர் கூப்பிட்டார். ‘தகரப் பலகை மங்கிவிட்டது தம்பி, புதிதாக எழுதிக் கொடு.’ உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். நீலத்துக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே, துருவேறிய சிவப்பில், ‘தேயிலை’ என்ற சொல். அதன் ‘லை’ இப்போதைய ‘லை’ அல்ல. யானைத் தும்பிக்கை போன்ற வளைவு ‘ல’வோடு ஒட்டிக்கொண்டிருந்த பழைய வடிவம். 1978இல் அரசாணை மாற்றிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன் எழுதியதாக இருக்கலாம், அல்லது ஆணைக்குப் பிறகும் பழக்கம் விடாத ஒரு கை எழுதியிருக்கலாம். தும்பிக்கை தொடங்கும் இடத்தில் தூரிகையைச் சற்றே அழுத்தி, முடியும் இடத்தில் முடி அளவுக்கு மெலித்திருந்தான் அந்த மனிதன். எனக்கு அந்த மெலிவு இன்னும் வராது.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ‘அத்தா இருந்தபோது எழுதியது’ என்றார். அந்தச் சொல்லை மட்டும் அப்படியே விட்டு, சுற்றிலும் புதிதாக எழுதலாமா என்று கேட்டேன். சரி என்றார். தும்பிக்கையில் உதிர்ந்திருந்த இரண்டு இடங்களை மட்டும் அணில்முடித் தூரிகையால் தொட்டேன்.

பனியில் பலகை காய நான்கு நாள் ஆனது. மாட்டிய முதல் வாரமே இரண்டு பேர் வந்து ‘லை’ எழுத்துப் பிழை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பாய் அவர்களுக்கு ஆளுக்கொரு டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார்.